பனித்சாவுக்குள் ஐந்து ஊர்கள்

என் கல்லறை மீது சத்தியமாகச் சொல்கிறேன், இந்த அத்தியாயத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கல்லறை என்றதும் பதற வேண்டாம். எங்கள் ஊரான பாஸார்ஜிக்கில் என் வயதுக்காரர்கள் கல்லை முன்கூட்டியே நட்டுவிடுவோம். என் கல்லில் ஹரலம்பி என்ற பெயரும், பிறந்த ஆண்டும், ஒரு சிறு கோடும் செதுக்கியாயிற்று. கோட்டுக்கு அப்பால் காலி. பக்கத்தில் என் மனைவி வெலிகாவின் பெயர். கல்லில் பதித்த அவள் படம் என் படத்தைவிட இரண்டு விரற்கடை பெரிது. அந்தச் சண்டை ஆறாவது அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டது.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். வருகிற மே மாதம் எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது வருஷம். வார்னாவில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் டெனிட்சா, புனித நிக்கோலாஸ் திருநாளன்று கெண்டை மீனைப் பரிமாறிக்கொண்டே, "உங்க ரெண்டு பேரையும் வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு ஊர். ஒரு வாரம். பழமையான ஊரா பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

வெலிகா இரண்டு நிபந்தனைதான் போட்டாள். "நம்மளவிடப் பழைய ஊரா இருக்கணும். உங்கப்பா போன ஊரா இருக்கணும். வழி தெரிஞ்ச ஆளு கூட இருந்தா தைரியம்."

அன்றைக்குத்தான் மீன் முள் என் தொண்டையில் சிக்கியது.

ஏனென்றால், இருபத்திரண்டு வருஷம் நான் சரக்கு லாரியில் தக்காளி டப்பாவும் ஊறுகாய் மிளகாயும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றியவன் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் வெலிகாவுக்கு ஒரு ஊர் சொல்லியிருக்கிறேன்.

வியன்னாவில் ஒரு காப்பிக் கடையில் காப்பி கேட்டு உட்கார்ந்தேன். காப்பி வருவதற்குள் எனக்குத் தாடி வளர்ந்துவிட்டது. சர்வருக்கு என்னை அடையாளம் தெரியாமல் காப்பியைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். டொலேடோவில் தெரு குறுகல், லாரி மாட்டிக்கொண்டது. மூன்று நாள் இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும் ஜன்னல் வழியே எனக்கு சூப் ஊட்டினார்கள். டூப்ரோவ்னிக் மதில்மேல் நடந்தபோது தொப்பி பறந்து கடலைத் தாண்டியது. அடுத்த மாதம் வெனிஸில் அதை ஒருவன் போட்டுக்கொண்டு போனான். கிராகோவில் கோபுரத்து எக்காளம் மணிக்கொரு தடவை ஊதிப் பாதியில் நிற்கும். அங்கே அதற்கு ஏதோ பழைய காரணம் சொல்வார்கள். உண்மையில் நான் ஹாரன் அடித்ததால்தான் நின்றது.

இவற்றில் ஒரு ஊரையும் நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எனக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பா ஒருவர் 1951இல் அர்ஜென்டினாவுக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டார்; அப்படி ஒரு உறவினர் உள்ளவனை அன்றைய அரசு நாட்டை விட்டு வெளியே விடாது. ஆகவே என் லாரி கலோத்தினா எல்லைச் சாவடி வரைக்கும்தான். அங்கே கடவுச்சீட்டு உள்ள ஒரு ஓட்டுநர் ஏறிக்கொள்வார். நான் வெற்று லாரி திரும்பி வரும்வரை சாவடிப் பக்கத்து மைதானத்தில் நான்கு நாள், ஐந்து நாள் காத்துக் கிடப்பேன். திரும்பி வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பேன். வீட்டுக்கு வந்து சொல்வேன். ஐம்பது வருஷம் ஒரு பெண் என்னை உலகம் சுற்றியவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மே மாதம் வெனிஸில் முதல் பாலத்திலேயே நான் வழி தெரியாமல் நிற்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு இருந்த பயம் அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். மூன்று வாரம் சண்டை போட்டும் ஊர் முடிவாகவில்லை. வெலிகாவின் தம்பி ராட்கோ, ஓய்வுபெற்ற கசாப்புக்காரன், டொலேடோவுக்காக நின்றான். அங்கே வாள் அடிப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான். அவனை யாரும் பயணத்துக்கு அழைக்கவில்லை. அதை அவனிடம் சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை. டெனிட்சாவுக்கு கிராகோவ். வெலிகா வாயே திறக்கவில்லை.

கடைசியில் ராட்கோதான் சொன்னான். "பனித்சா சொல்லட்டும்."

புத்தாண்டுப் பனித்சாவுக்குள் சீட்டு வைப்பது எங்கள் வழக்கம். மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே உப்புப் பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்துச் சுருட்டி, வெள்ளித்தாளில் மடித்த சீட்டுகளை உள்ளே செருகி, அடுப்பில் வைப்பார்கள். ஆரோக்கியம், கல்யாணம், புது வீடு என்று எழுதியிருக்கும். தட்டைச் சுழற்றினால் யார் முன்னால் எந்தத் துண்டு நிற்கிறதோ அதுதான் அந்த வருஷத்து விதி. முதல் துண்டு வீட்டுக்கு. இந்த வருஷம் ஆரோக்கியத்துக்கும் கல்யாணத்துக்கும் பதில் என் கதைகளில் வந்த ஐந்து ஊர். வீட்டுத் துண்டில் எது வருகிறதோ அது.

மற்ற வீடுகளில் நள்ளிரவில் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் அறுபது தாண்டிய பிறகு நள்ளிரவு என்று ஒன்று வருவதில்லை. ஜனவரி முதல் தேதி மதியச் சாப்பாட்டில் வெட்டுவோம்.

அன்று காலை ஒன்பதரைக்கு சமையலறைக்குள் போனேன். வெலிகா மேஜை முழுக்க மாவை விரித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் ஐந்து வெள்ளித்தாள் உருண்டைகள்.

"என்ன கெழவா, பசியா?"

"உன்னைப் பார்க்க வந்தேன்."

"அம்பது வருஷமா பார்க்கலையா? நகரு. எதிர்வீட்டுல தயிர் வாங்கிட்டு வந்துர்றேன். மாவைத் தொட்டே, கை இருக்காது."

மாவை நான் தொடவில்லை. சத்தியம்.

நான் தேடிக்கொண்டிருந்தது, நான் கதை சொல்லாத ஒரு பழைய ஊர்; அங்கே வழி தெரியாமல் நின்றால் தப்பில்லை. மூன்று இரவு டெனிட்சாவின் பள்ளி வரைபடத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தேடினேன். லிஸ்பனில் நான் ஒரு ராஜாவுக்குத் தக்காளி விற்றிருக்கிறேன். ப்ராகில் ஒரு பாலத்துச் சிலை எனக்கு நெருப்புப் பெட்டி கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவில் நான் போகாததாக என் கண்ணில் பட்டது ருமேனியாவில் உள்ள சிபியு மட்டும்தான். கலோத்தினா வழியாக யாரும் அங்கே போவதில்லை, அதனால் தப்பித்தது. அந்த ஊரில் வீட்டுக் கூரைகளில் ஜன்னல்கள் கண் மாதிரி இருக்குமாம். ஊரே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு ஏற்ற ஊர் இல்லைதான். வேறு வழி இல்லை.

சட்டைப் பையில் தயாராக இருந்த ஐந்து உருண்டைகளைக் கிண்ணத்தில் போட்டேன். ஐந்திலும் சிபியு. பழைய ஐந்தையும் அடுப்பில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ராட்கோ நின்றான்.

"என்ன அத்தான், வேர்க்குது?"

"அடுப்பு."

"ஜனவரியில அடுப்புக்கு வேர்க்கிற மனுசன் நீங்க ஒருத்தர்தான்." அவன் உள்ளே போனான். "கத்தி தீட்டப் போறேன்."

அவன் வெளியே வந்ததும் டெனிட்சா உள்ளே போனாள், கோப்பை கழுவ. அவள் கையில் கோப்பை எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மதியம் ஒரு மணி. மேஜையில் முட்டைக்கோஸ் ஊறுகாய், பன்றி இறைச்சியை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சார்மி, ராட்கோ வீட்டில் வடித்த பிளம் சாராயமான ரக்கியா. நடுவே பனித்சா, பொன்னிறத்தில், ஆவி பறக்க.

நான் எழுந்து நின்றேன்.

"ஒரு விஷயம். வீட்டுத் துண்டை மட்டும்தான் திறக்கணும். மத்ததுல இருக்கிற சீட்டைப் பிரிக்காம அடுப்புல போடணும். அதுதான் பழைய வழக்கம்."

"எந்த ஊர் வழக்கம்?" என்றாள் டெனிட்சா.

"எங்க அப்பா ஊர். பிரிச்சா வெள்ளாடு சாகும்."

"நம்மகிட்ட வெள்ளாடு இல்லையே."

"ஏன் இல்லைன்னு இப்பப் புரியுதா?"

ராட்கோ மட்டும் வழக்கத்துக்கு மாறாக என் பக்கம் சாய்ந்தான். "அத்தான் சொல்றது சரி. பிரிக்க வேண்டாம்." டெனிட்சாவும், "ஆமா, எதுக்கு வீணா" என்றாள். இரண்டு பேரும் இவ்வளவு சீக்கிரம் எனக்கு ஒத்துப் போனதில்லை.

வெலிகா தட்டைச் சுழற்றினாள். மூன்று சுற்று. நின்றது. வெட்டினாள். வீட்டுத் துண்டை எடுத்துச் சிலுவைப் படத்துக்குக் கீழே வைத்து, அதிலிருந்து வெள்ளித்தாளை இழுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே படி. ஊர் தெரிஞ்ச ஆளு."

பிரித்தேன். சிபியு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எழுத்து என்னுடையது இல்லை.

கலோத்தினா.

"என்னப்பா?" என்றாள் டெனிட்சா.

"கலோத்தினா" என்றேன்.

"அது ஊரே இல்லையே. சாவடி."

ராட்கோ சட்டென்று தன் துண்டைப் பிய்த்தான். வெள்ளாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. "கலோத்தினா" என்று படித்தான். பிறகு மேஜையைத் தட்டினான். "யாரு பண்ணின வேலை இது? நான் அஞ்சும் டொலேடோ போட்டேன்."

"மாமா, நீயா?" டெனிட்சா எழுந்தாள். "உனக்கு வெக்கமா இல்ல? புனிதமான பனித்சால விளையாடுறே? நான் உனக்கப்புறம் அஞ்சும் கிராகோவ் வச்சேன்."

"உனக்கு வெக்கமா இல்லையா?"

"எனக்கு ஒரு காரணம் இருக்கு. பதிமூணு வயசுல பள்ளிக்கூடத்துலேர்ந்து கிராகோவ் போறதா இருந்துச்சு. பெட்டி கட்டி, போலந்துப் பாட்டு ஒண்ணு மனப்பாடம் பண்ணி, ரயில் நிலையம் வரைக்கும் போனோம். பயணம் ரத்துன்னுட்டாங்க. அந்தப் பாட்டு இன்னும் தலைக்குள்ள இருக்கு, இறக்கி வைக்க இடமில்லாம."

இது எனக்குத் தெரியாது. அவள் அன்று அழாமல் வீட்டுக்கு வந்தாள் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பரிசாகத்தான் நான் எக்காளக் கதையைச் சொன்னேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சிபியு" என்றேன். "அஞ்சும்."

"சிபியுவா? உங்களுக்கு அங்க என்ன வேலை, அத்தான்?" என்றான் ராட்கோ.

நான் பதில் சொல்வதற்குள் வெலிகா எனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்தாள். சூடாக இருந்தது. "தின்னு. நான்தான் கடைசியா மாத்தினேன். அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தேன். அஞ்சும் கிராகோவ். அப்பவே தெரிஞ்சுது, இந்த வீட்டுல எல்லாரும் திருட்டுப் பசங்கன்னு. சரி, நானும் ஒரு திருடி ஆயிட்டுப் போறேன்னு எழுதினேன்."

"அம்மா, கலோத்தினால என்ன இருக்கு?"

"ஒரு மைதானம் இருக்கும். லாரி நிக்கிற இடம். உங்கப்பா வாலிபம் பூரா அங்கதான் இருக்கு."

ரக்கியாக் கோப்பையை எடுத்தேன். காலி என்று தெரிந்தும் குடித்தேன்.

வெலிகா ஊறுகாய்த் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, காய்கறி விலை பேசுகிற குரலில் சொன்னாள்.

"எம்பத்தொண்ணு. பிப்ரவரி பத்து. உன் பெயர் கொண்ட புனிதரோட நாள். தேன் வாங்கி, கோயில்ல மந்திரிச்சு, ரொட்டி சுட்டு, மேல தடவினேன். அன்னிக்கு நீ வியன்னா போறேன்னு கிளம்பினே. எல்லையைத் தாண்டறதுக்குள்ள புடிச்சுடலாம்னு சோபியால பஸ் மாறி வந்தேன். முழங்கால் வரைக்கும் பனி. மைதானத்துல நீ இருந்தே. தகர டப்பாவைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருந்தே. அப்பத்தான் வியன்னாலேர்ந்து திரும்பின ஒருத்தன் சிகரெட் குடிச்சிட்டிருந்தான். அவனை நீ விடலை."

"என்ன கேட்டேன்?" என்றேன்.

"அங்க தெருவிளக்கு என்ன நிறம்னு கேட்டே. அவன் விளக்கு விளக்கு மாதிரிதான் இருக்குன்னான். நீ திரும்பக் கேட்டே. பொம்பளைங்க பனியில என்ன செருப்பு போடறாங்கன்னு கேட்டே. காப்பிக் கடையில உக்காந்தா எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டே. அவன் ரொம்ப நேரம்னான். ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கிட்டே. கை விறைச்சுப் போயி, பென்சில் கீழ விழ விழ எடுத்து எழுதினே."

ராட்கோ கத்தியைக் கீழே வைத்தான்.

"நான் லாரிக்குப் பின்னால நின்னேன். அப்படியே அதே பஸ்ல திரும்பிட்டேன். தேன் ரொட்டியை பக்கத்து சீட்டுல இருந்த ஒரு சிப்பாயும் நானும் தின்னோம். நாலு நாள் கழிச்சு நீ வந்தே. வியன்னால காப்பி வர்றதுக்குள்ள தாடி முளைச்ச கதை சொன்னே."

"நீ சிரிச்சே" என்றேன்.

"சிரிச்சேன். நல்லா இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ நிறுத்தியிருப்பே. அப்புறம் வெனிஸுக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவா? ராட்கோவா?"

ராட்கோ சிரிக்க வேண்டியவன், சிரிக்கவில்லை.

"நாப்பத்தஞ்சு வருஷமா" என்றேன், "முட்டாள் மாதிரி உனக்கு வெனிஸ் வெனிஸ்னு..."

"முட்டாள் எங்க, நல்லா உழைச்சே. மத்தவன் பெண்டாட்டிக்கு நைலான் காலுறை வந்துச்சு. எனக்கு மாசம் ஒரு ஊர் வந்துச்சு. காலுறை கிழிஞ்சிருக்கும்." அவள் பனித்சாவில் விழுந்த ஒரு துணுக்கை விரலால் ஒற்றி வாயில் போட்டாள். "அந்த ஊருக்கெல்லாம் இப்ப நேர்ல போனா என்ன ஆகும்? காப்பி அஞ்சு நிமிஷத்துல வந்துடும். எனக்கு அது வேண்டாம்."

டெனிட்சா மூக்கை உறிஞ்சினாள். மருந்துக் கடைக்காரி, ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. "சரிம்மா. ஆனா நான் வெளிநாடுன்னு லீவு போட்டிருக்கேன். கலோத்தினா நம்ம நாடு."

"முதல்ல அந்த மைதானத்துக்குப் போவோம். அங்க உக்காந்து தேன் ரொட்டி தின்போம், அது இவனுக்குச் சேரவேண்டியது. அப்புறம் இவன் கையைப் புடிச்சு எல்லையைத் தாண்டுவோம். தாண்டினதும் முதல்ல எந்தப் பழைய ஊர் வருதோ அதுல இறங்குவோம்."

"நிஷ்" என்றான் ராட்கோ. "ரோமாபுரிக் காலத்து ஊரு. எல்லையிலேர்ந்து ஒண்ணரை மணி நேரம்."

வெலிகா என்னைப் பார்த்தாள். "நிஷ் பத்தி நீ ஒரு கதையும் சொன்னதில்லை. ஏன்?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொல்வதற்கு ஆள் புதிதாகையால் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒருத்தனும் அங்க இறங்கினதில்லை. எல்லாரும் வியன்னாவுக்குப் போற அவசரத்துல தாண்டிப் போயிடுவாங்க. திரும்பி வரும்போது வீட்டுக்கு வர்ற அவசரம். நான் கேட்பேன், நிஷ் எப்படின்னு. தெரியாதும்பாங்க."

"அப்ப உனக்கும் தெரியாது."

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் வெலிகா. "நல்லது. ஒரு ஊராவது ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

அவள் முகத்தை நான் பார்த்தேன். மே மாதம் வெனிஸ் பாலத்தில் எந்த முகத்தைப் பார்க்கப் பயந்தேனோ, அது இங்கேயே, ஊறுகாய்த் தட்டுக்கு அந்தப் பக்கம், மாவு ஒட்டிய நெற்றியோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. இன்னொரு துண்டு வேண்டுமா என்று புருவத்தால் கேட்டது.

வேண்டும் என்றேன்.

ராட்கோ எல்லாருக்கும் ரக்கியா ஊற்றினான். டெனிட்சா, யாரும் கேட்காமலே, அந்தப் போலந்துப் பாட்டின் முதல் அடியை மெதுவாக முனகினாள். இரண்டாம் அடி மறந்திருந்தது. சிரித்தாள். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா."

"ம்."

"நீ வெனிஸே போனதில்லைன்னா, எனக்கு ஏழு வயசுல வெனிஸ்லேர்ந்து கொண்டு வந்து கொடுத்தியே ஒரு கண்ணாடிக் குதிரை. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் ராட்கோவைப் பார்த்தேன். ராட்கோ பனித்சாத் தட்டைப் பார்த்தான். தட்டில் எதுவும் மிச்சமில்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தான். வெலிகாவின் கை மேஜை விரிப்பில் அப்படியே நின்றது. கண்ணாடிக் குதிரையைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது.

"சொல்லு ராட்கோ" என்றாள் அவள்.

ராட்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, கோட்டை எடுத்து மாட்டி, தன் வீட்டுக் கோழிகளுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவனிடம் கோழி கிடையாது.

நடந்தது இவ்வளவும்தான், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

குதிரையைப் பற்றி அடுத்த வாரம். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு லாரி ஓட்டத் தெரியாது.